பலவேசத்தின் இங்கிலீஷ்

துரை தொண்டையைச் செருமியாச்சு, கண்ணாடியை மூக்கு மேல ஏத்தியாச்சு, இனி தீர்ப்பை வாசிச்சு முடிக்கிற வரைக்கும் இந்தக் குற்றாலிங்கம் பிள்ளைக்கு வேலை இல்லை. நிக்கணும், அவ்வளவுதான். நிக்கதுல நான் கெட்டிக்காரன். தலப்பா அசையாம, கை ரெண்டையும் முன்னால கோத்துக்கிட்டு, முகத்துல ஒண்ணும் காட்டாம நிப்பேன். இந்த ஜில்லா கோர்ட்டுக்கு எத்தனையோ ஜட்ஜு வந்தான், போனான். அவன் இங்கிலீஷைத் தமிழாக்கவும் நம்மாளு தமிழை இங்கிலீஷாக்கவும் துபாஷி நான் ஒருத்தன்தான். வர்ற வெள்ளைக்காரன் ஒவ்வொருத்தனும் முதல்ல என்னைச் சந்தேகமாப் பாப்பான். கொஞ்ச நாள்ல என்னைப் பாக்காமலே பேச ஆரம்பிச்சிருவான். அதுதான் வே இந்தத் தொழில்ல கிடைக்கிற பட்டம். பேசுறவனுக்கும் கேக்குறவனுக்கும் நடுவுல ஒரு ஆளு நிக்கான்னே தெரியக் கூடாது. சாட்சி 'நான் பார்த்தேன்'னு சொன்னா நானும் அப்படியே சொல்லுவேன். கொலைகாரன் 'நான்தான் வெட்டினேன்'னா அதையும் கூசாமச் சொல்லுவேன். கடைசியில துரை சொல்லுதது இருக்கே, 'உன்னைத் தூக்கிலிட உத்தரவிடுகிறேன்', அதுவும் ஊருக்குக் கேக்கது என் வாயிலதான். ஒரு தடவை கூட எனக்குக் குரல் பிசிறினது கிடையாது. ஒருநாள் தூக்குத் தீர்ப்பான ஒருத்தனோட தாயார்க்காரி வாசல்ல நின்னு எம்மேல மண்ணை வாரித் தூத்தினா. துரை மோட்டார்ல ஏறிப் போறாரு, மண்ணு எனக்கு! வீட்டுக்குப் போயி எண்ணெய் தேச்சுக் குளிச்சேன், என் வீட்டுக்காரி கோமு வச்ச சொதியை ஒரு பிடி பிடிச்சேன். 'எப்படித்தான் உங்களுக்குச் சோறு எறங்குதோ'ன்னா அவ. 'நான் என் கடமையச் செஞ்சேன், சோறு பாட்டுக்கு எறங்குது'ன்னேன். சரியான பதில்தானே? இன்னைக்கும் சரிதான்.

பங்கா இழுக்கிறவன் வெளியே தூங்கிட்டான் போல, துணி அசையவே மாட்டேங்கு. அல்பாக்கா கோட்டுக்குள்ள வேர்வை முதுகோட எறங்குது, எறங்கட்டும். பலவேசம் என்னையே பாக்கான். கூண்டுக்குள்ள நின்னுக்கிட்டு துரை வாயைப் பாக்கல, எம்மூஞ்சியப் பாக்கான். இங்கிலீஷ் தெரியாதவன் பின்னே எங்க பாப்பான்? மேகத்தைப் பாத்து மழை வருமா வராதான்னு சொல்லுத ஆட்டுக்காரன் அவன், எம்மூஞ்சியப் பாத்துத் தீர்ப்பைக் கண்டுபிடிச்சிரலாம்னு நினைக்கான். நடக்காது, கோனாரே. இந்த மூஞ்சியில மேகமே கட்டாது. அவன் பெண்டாட்டி மாடத்தி அந்தா வாசப்படிக்கு வெளியே குத்தவச்சிருக்கா. காலையில என்னை வழிமறிச்சு ஒரு செம்பு மோரு குடுத்தா, கருவேப்பிலை கசக்கிப் போட்டு, நல்ல புளிப்பு. 'எங்க வீட்டு ஆளுக்காக நீங்க பேசுனீங்கள்லா அய்யா, துரை தலையத் தலைய ஆட்டிக் கேட்டாரே, நீங்க நிக்கையில எனக்கு என்ன பயம்'ன்னா. நான் வக்கீல் இல்லம்மா, சர்க்கார் செலவுல உங்களுக்கு வக்கீல் போட்டிருக்கு, அந்தா நிக்காரு பாருன்னு கையக் காட்டினேன். 'அவரு வாயே தொறக்கலியே, நீங்கதான பேசுனீங்க'ன்னா. அவ சொன்னதும் நிசந்தான். அந்த வக்கீல் இப்பக்கூட வாயைத் தொறந்துக்கிட்டுத்தான் இருக்காரு, தூக்கத்துல. மோரைக் குடிச்சேன். சிரிப்பு வந்தது. இந்த ஜனங்களுக்குத் துபாஷின்னா யாருன்னு எத்தனை வருஷம் சொன்னாலும் விளங்காது.

கேஸுல மர்மம் ஒண்ணும் இல்லை. பெர்மிட் வாங்காம சர்க்கார் காட்டுல மேய்ச்சான்னு வாட்சர் மாசானம் வந்திருக்கான். அவனும் நம்மூரு ஆளுதான், காக்கிச் சட்டை போட்டதும் காடு அவன் பாட்டன் சொத்தாயிட்டு. ஒரு குட்டியக் காலைப் பிடிச்சுத் தூக்கி, சர்க்கார் பவுண்டுப் பட்டியில அடைக்கக் கொண்டு போகப் பாத்திருக்கான். பலவேசம் கையில தொரட்டி. கொப்பை வளைச்சு ஆட்டுக்கு இலை அறுத்துப் போடுவானே, அந்தத் தொரட்டி. மாசானம் கழுத்துல பட்டுட்டு, ஆளு போயிட்டான். அடிச்சது நான்தான்னு பலவேசமே ஒத்துக்கிட்டான். இனி கோர்ட்டுக்குத் தெரிய வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான்: கண்ணு மறைச்சு அடிச்சானா, யோசிச்சு அடிச்சானா? கண்ணு மறைச்சதுன்னா ஜெயிலு, என்னைக்காவது ஆட்டுக்குட்டியைப் பாக்கலாம். யோசிச்சு அடிச்சதுன்னா கயிறு. விசாரணை அன்னைக்கு துரை கேட்டாரு, 'ஏன் அடித்தாய்?' நான் தமிழ்ல கேட்டேன். பலவேசம் தலையைச் சொறிஞ்சுக்கிட்டு நின்னான். 'என்னத்தச் சொல்ல சாமி. ஆடு கத்துச்சு. அவரு குட்டியக் காலப் புடிச்சுத் தூக்குனாரு. அது கத்துச்சு, தாயும் கத்துச்சு, எல்லாம் கத்துச்சு. எனக்குக் கண்ணு மறைச்சிட்டு. கையில தொரட்டி இருந்துச்சு. பொறவு பாத்தா அவரு கீழ கெடக்காரு, நான் ஆட்டப் பத்திக்கிட்டு நிக்கேன். என்ன செஞ்சேன்னே தெரியல சாமி.' இதுதான் அவன் சொன்னது. இதைப் போயி அப்படியே ஒரு வெள்ளைக்காரன்கிட்ட எப்படி வே சொல்ல முடியும்? ஆடு கத்துச்சு, ஆடு கத்துச்சுன்னு! கோட்டு போட்ட பயலுக பூரா பக்குன்னு சிரிச்சிருப்பான். நான் ஒரு மூச்சு இழுத்தேன். அது எனக்கு எப்பவும் வர்றதுதான். உள்ள ஒரு ஊத்து திறக்கும், வார்த்தை தானா வந்து வரிசையில நிக்கும். இங்கிலீஷ்ல சொன்னேன்: 'என் உடைமையின் மேல் அவர் கை வைத்தார். அதற்கு மேலும் பொறுத்திருப்பது ஒரு மனிதனுக்கு அழகல்ல என்று கருதினேன். என் கையிலிருந்த ஆயுதத்தால் அடித்தேன். அதை நான் மறைக்கப் போவதில்லை.' துரை பேனாவை நிறுத்திட்டு பலவேசத்தை நிமிர்ந்து பாத்தாரு. அதுவரைக்கும் அவனைப் பாக்கவே இல்லை, அப்பத்தான் பாத்தாரு. அந்தப் பார்வைக்காகத்தான்யா இவ்வளவும். ஆட்டுக்காரன்னு நினைச்ச ஒருத்தனுக்குள்ள ஒரு ராஜா நிக்கான்னு வெள்ளைக்காரன் கண்ணு ஒரு கணம் ஒத்துக்கிடுமே, அதுக்காக.

எழுதினதைத் திருப்பி அவனுக்கு வாசிச்சுக் காட்டணும், அது முறை. காட்டினேன். என் இங்கிலீஷை நானே திரும்பத் தமிழாக்கி, நல்ல கணீர்னு. பலவேசம் கேட்டுக்கிட்டே இருந்தான். முகம் மலர்ந்துட்டு. 'நானா சாமி இப்படிச் சொன்னேன்? நல்லாருக்கே'ன்னான். சரிதானான்னு கேட்டேன். 'நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்'னு பெருவிரலை நீட்டிட்டான். மைத்துனன் சங்கரமூர்த்தி, கதர் கட்டிக்கிட்டு வக்கீல் தொழிலையே தூக்கிப் போட்டவன், எங்க வீட்டுக்கு வந்தா என் கோட்டைத்தான் முதல்ல பாப்பான். 'அத்தான், வெள்ளைக்காரன் நம்மளத் தூக்குல போடுதான், நீங்க அவனுக்கு நாக்கா இருக்கீங்க'ம்பான். போலே மாப்ளே, கூறு கெட்டவனே. உனக்கு என்ன தெரியும்? நான் வேலைக்கு வந்த புதுசுல எனக்கு மூத்த துபாஷி ஒருத்தர் இருந்தாரு, சாட்சி என்ன உளறினாலும் அப்படியே உளறலா இங்கிலீஷ்ல குடுப்பாரு. ஒரு கிழவன், பாவம், பேரனைப் பறிகுடுத்தவன், அழுதுக்கிட்டே மூக்கைச் சிந்திச் சொன்னதை அவரு அப்படியே எடுத்து விட்டாரு. கோர்ட்டே சிரிச்சது. ஜட்ஜும் சிரிச்சான். அந்தக் கிழவன் எதுக்குச் சிரிக்காகன்னு தெரியாம, தானும் சேந்து சிரிச்சான். என் வாய் வழியாப் போற எந்தத் தமிழனும் இனி சிரிப்பாணியா நிக்கப் போறதில்லைன்னு அன்னைக்கே வச்சுக்கிட்டேன். நீ கதர் கட்டிக்கிட்டு சுயராஜ்யம் கேக்கே. நான் அல்பாக்கா கோட்டுக்குள்ள இருந்துக்கிட்டு சத்தமில்லாமக் குடுத்துக்கிட்டு இருக்கேன், மாப்ளே. தலைக்கு ஒரு வாக்கியமா.

துரை குரல் இன்னைக்கு நல்லாருக்கு. சாட்சிகளைத் தாண்டியாச்சு, டாக்டரைத் தாண்டியாச்சு. அடுத்தது நம்ம பகுதிதான். இதோ. 'கைதியின் சொந்த வாக்குமூலத்துக்கு வருகிறேன்'ங்காரு. காதைத் தீட்டிக்கிட்டேன். 'இந்தக் கூண்டில் நின்றவர்களிடம் இவ்வளவு தெளிவையும் கண்ணியத்தையும் நான் அபூர்வமாகத்தான் கேட்டிருக்கிறேன்'ங்காரு. ஏ அப்பா! எழுதியே வச்சிருக்காரே மனுசன்! தெளிவு, கண்ணியம். என் நெஞ்சு கோட்டு பித்தானைத் தெறிக்கப் பாக்குது. இதைப் பூராத் தமிழ்ல சொல்ல விடமாட்டாரு, கடைசி வரி மட்டும்தான் சொல்லச் சொல்லுவாரு, ஆனாலும் சாயங்காலம் கோமுகிட்டச் சொல்லலாம். கோர்ட்டு ஆபீஸுக்கே தலைமையான சிரஸ்தார் வேலைக்கு என் பேரைச் சொல்லியிருக்கேன்னு போன வாரம்தான் துரை சாடையாச் சொன்னாரு, அதையும் இதையும் சேத்துச் சொல்லணும். என் வாக்கியத்தை அப்படியே வாசிக்காரு, ஒரு எழுத்து மாத்தல. 'அழகல்ல என்று கருதினேன்.' ஆகா. சங்கரமூர்த்தி இங்க இருந்து கேக்கணும். துரை ஒரு வாய் தண்ணி குடிக்காரு. மறுபடி வாசிக்காரு. 'கருதினேன் என்று கைதியே சொல்கிறான். கண் மறைந்த ஆத்திரத்தில் அடித்தவன் இப்படிப் பேசமாட்டான். இது எடைபோட்டுப் பார்த்துத் தீர்மானித்த மனிதனின் பேச்சு. அந்தக் கண்ணியமே அவனுக்கு எதிரான சாட்சியாகிறது.'

என்னது? நில்லும், நில்லும். என்ன சொன்னாரு? எனக்கு எதிரான சாட்சி. இல்லை, அவனுக்கு. என்ன சொன்னாருன்னு எனக்குத் தெரியும், இந்தக் கோர்ட்டுல அதைப் புரிஞ்சுக்கிடுறதுக்குத்தான் எனக்குச் சம்பளமே. அவன் கருதவே இல்லையே துரை. அவன் எங்கே கருதினான்? கருதினது நான். அவனுக்குக் கண்ணு மறைச்சிட்டு. சொன்னானே, இதே கூண்டுல நின்னு சொன்னானே, கண்ணு மறைச்சிட்டு சாமின்னு. அந்த ஒரு சொல்லு அவன் உசிரு, அதைப் போயி அசிங்கமா இருக்குன்னு நான் தூக்கி எறிஞ்சிட்டேன். சவத்த விடு, பதறாதே, நில்லு. முகத்துல காட்டாதே, அவன் பாத்துக்கிட்டு இருக்கான். வக்கீல் கேட்டிருக்கணுமே. வக்கீலுக்குத் தமிழும் தெரியும், இங்கிலீஷும் தெரியும், ரெண்டுலயும் தூங்கத் தெரியும். தப்பு அவரு மேலயும் இருக்கு. இருக்குல்லா? துரை மேலயும் இருக்கு. தமிழ்ப் பரீட்சை பாஸ் பண்ணினவருதானே, தண்ணி கொண்டு வா, குதிரையைக் கட்டுன்னு மட்டும் படிச்சா எப்படி? 'ஆடு' தெரியாதா அவருக்கு? பலவேசமே வாசிச்சுக் காட்டினப்ப நல்லாருக்குன்னான். எல்லாருக்கும் பங்கு உண்டு. ஆனா மோரு நெஞ்சுல வந்து நிக்கு. காலையில குடிச்ச மோரு, புளிப்பு இப்ப மேல ஏறி நாக்குல வந்து நிக்கு. அவ நம்பிக் குடுத்தது. சரி, இது முடிவு இல்லை, தூக்குன்னா மெட்ராஸ் ஹைகோர்ட்டு பாத்து ஒத்துக்கிடணும், சட்டம் அப்படித்தான், அங்க பெரிய பெரிய ஜட்ஜுமார் இருக்கான், அவன் பாத்துக்கிடுவான். என்னத்தைப் பாப்பான்? இதே காகிதக் கட்டைத்தான் பாப்பான். பலவேசம் குரலா அங்க போகும்? என் இங்கிலீஷ்தான் போகும். எடுத்து வாசிப்பான், ஆகான்னு ரசிப்பான், ரசிச்சுட்டுத் தூக்குல போடுவான்.

எந்திரிச்சுச் சொல்லிரலாமான்னா, எந்திரிக்கவே வேண்டாம், நின்னுக்கிட்டுத்தான் இருக்கேன். வாயைத் திறந்தா போதும். திறந்தா என்ன ஆகும்? அந்த ஒரு பதிலை மாத்தினவன் மத்ததை மாத்தியிருக்க மாட்டானான்னு கேப்பான். கேக்கணும்லா. நான் குரல் குடுத்த கேஸு பூராவும் கிளம்பி வந்து நிக்கும். வேலை போகும், பென்ஷன் போகும், சிரஸ்தாரும் மண்ணாங்கட்டியும் போகும். கோமு என்ன சொல்லுவா? கோமு ஒண்ணும் சொல்லமாட்டா, சொதியை வச்சிட்டு எறங்குதான்னு பாப்பா. அதுதான் பயமா இருக்கு. இல்லை, பயம் அது இல்லை. வேலை போறதுக்கு நான் பயப்படுத ஆளா? இத்தனை வருஷம் இந்தக் கோர்ட்டுல நான்தான் சுத்தமானவன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேனே, அது போகுதே, அதுதான்யா வலிக்கு. அந்தக் கிழவனை உளறலாக் குடுத்தாரே மூத்தவரு, அந்தக் கேஸு என்ன ஆச்சு? ஜட்ஜு சிரிச்சான். சிரிச்சுட்டு அந்தக் கிழவன் கேட்டதைக் குடுத்துட்டான். கிழவன் ஜெயிச்சுட்டான்! இத்தனை நாளு அது எனக்கு ஞாபகமே வரல பாரும். சிரிப்பு மட்டும்தான் ஞாபகம் இருந்தது. நான் காப்பாத்தினது அவாள் மானத்தை இல்லை. என் மானத்தை. சிரிச்சா எனக்குத்தான் கூசும், இங்கிலீஷ் தெரிஞ்ச எனக்கு.

முடிச்சிட்டாரு. பேப்பரை மடிச்சு வச்சுட்டு, 'பிள்ளை, அவனுக்குச் சொல்லும்'ங்காரு. பாக்காமலே சொல்லுதாரு, பட்டம் குடுத்தவரு மாதிரி. வாய் தானா திறக்கு. பழகின வாய். 'பலவேசக் கோனாரே, மாசானத்தைக் கொலை செய்த குற்றத்துக்காக உம்மைச் சாகும் வரை தூக்கிலிட உத்தரவிடுகிறேன்.' குரல் பிசிறல. சீ, இப்பக்கூடப் பிசிறல. வாசல்ல மாடத்தி எந்திரிச்சு நிக்கா, மண்ணை வாரப் போறான்னு பாத்தேன், வாரல. என்னையே பாக்கா, நான் இன்னும் ஏதோ பேசப் போறேன்னு நினைச்சுக்கிட்டு. பலவேசம் 'அப்படியா'ன்னான். கூண்டுக் கம்பியைப் பிடிச்சான், விட்டான், கையெடுத்து என்னைக் கும்பிட்டான். 'உங்கள ஒண்ணும் கொற சொல்லதுக்கில்ல அய்யா. எனக்கு என்னமாப் பேசுனீங்க. எங்கப்பன்கூட எனக்காக ஒரு மனுசன்கிட்ட நின்னு இப்படிப் பேசுனதில்ல. எனக்குத்தான் குடுத்து வைக்கல. நீங்க புள்ளகுட்டியோட நல்லாருக்கணும்'னான்.

'என்ன சொல்கிறான்?' துரை கேக்காரு. சொன்னேன். தனக்குக் குறையொண்ணும் இல்லைங்கான், பேசினது நல்லாப் பேசினதுங்கான், பிள்ளை குட்டியோட நல்லா இருக்கணுங்கான். யாருன்னு மட்டும் சொல்லல, அது பாட்டுக்கு விட்டுப் போச்சு. துரைக்கு முகம் சிவந்துட்டு, கண்ணாடியைக் கழட்டிக் கண்ணைத் துடைச்சுக்கிட்டாரு. வாழ்த்து அவருக்குன்னு எடுத்துக்கிட்டாரு! 'அவனிடம் சொல்லும் பிள்ளை, நான் என் கடமையைத்தான் செய்தேன் என்று.' நல்லா இருக்கே கதை. இதை நான் தமிழ்ல சொன்னா யார் சொன்னதா நினைப்பான் பலவேசம்? நான் சொன்னதாத்தான். சரியாத்தானே நினைப்பான்? கோமுகிட்ட நானே சொன்ன வார்த்தை அது, அச்சு அசலா, எண்ணெய்த் தலையோட உக்காந்து சொன்னது. கும்பிட்ட கையை அவன் இன்னும் எறக்கல. துரை என்ன சொன்னாருன்னு என் மூஞ்சியப் பாக்கான். பாருடே, நல்லாப் பாரு.

'அந்த வாழ்த்து உங்களுக்கு இல்லை, யுவர் ஆனர்'ன்னேன் இங்கிலீஷ்ல. 'எனக்குச் சொன்னான். எனக்கும் அது ஆகாது. நீங்கள் தீர்ப்பில் எடுத்துக் காட்டிய பதில் கைதியுடையது அல்ல, என்னுடையது. கருதினேன் என்று அவன் சொல்லவே இல்லை. அவன் சொன்னதை இப்போது சொல்கிறேன். எழுதிக்கொள்ளுங்கள், தீர்ப்போடு அதுவும் மெட்ராஸுக்குப் போகட்டும்.' வக்கீல் முழிச்சிட்டாரு. துரை என்னை நிமிர்ந்து பாக்காரு. வந்ததுலேருந்து இன்னைக்குத்தான் நடுவுல ஒரு ஆளு நிக்கான்னு அவருக்குத் தெரியுது. 'உட்காரும், பிள்ளை'ங்காரு. உட்கார எனக்கு இங்க என்னைக்கு நாற்காலி போட்டான்? 'ஆடு கத்தியது'ன்னேன். ரெண்டு வார்த்தை, மொட்டை இங்கிலீஷ், என் வாயில இதுக்கு முன்னால வந்ததே இல்லை. பின்வரிசையில எவனோ பக்குன்னு சிரிச்சான். சிரிக்கட்டும். 'குட்டி கத்தியது. தாய் கத்தியது. எனக்குக் கண் மறைத்துவிட்டது. என்ன செய்தேன் என்றே தெரியவில்லை.' துரை இன்னும் பேனாவை எடுக்கல. எடுக்கிற வரைக்கும் நிப்பேன். நிக்கதுல நான் கெட்டிக்காரன். முதல்ல இருந்து மறுபடி ஆரம்பிச்சேன்: 'ஆடு கத்தியது, யுவர் ஆனர்.'